மாறும் நிரலகமும் மாறாப் பொறுப்பும்

சென்ற பருவத் தேர்வுக்கு முந்திய வாரத்தில் ஓர் இரவு, விடுதியில் என் அடுத்த அறை நண்பர் மடிக்கணினியைக் கையில் ஏந்தியவாறு ஓடி வந்தார். மறுநாட் காலையில் அவர் ஆய்வுக் கட்டுரையை ஒப்படைக்க வேண்டும். அன்று மாலை ஏதோ ஒரு சிறு நிரலை மட்டும் புதுப்பித்திருந்தார், வேறொன்றும் செய்யவில்லை. ஆயினும் அதன் பின்னர்க் கட்டுரையை எழுதிவந்த நிரல் திறக்கவே மறுத்துவிட்டது. ஐ.சி.யு. என்னும் நிரலகத்தின் 75-ஆம் பதிப்பைக் காணவில்லை என்று பொருள்படும் ஒற்றை வரி மட்டுமே திரையில் நின்றது. கணினியில் இருந்ததோ 76-ஆம் பதிப்பு!

கணினி முழுவதையும் புதுப்பித்து முடித்தபோது விடியற்காலை மூன்று மணி. நிரல் திறந்தது, கட்டுரையும் பிழைத்தது. ஆனால் நண்பரின் சினம் மட்டும் தணியவில்லை. "யார் இந்தப் பொதிகளைக் கட்டுகிறவர்கள்? இருந்ததை இருந்தபடி விட்டால் என்ன குறைந்துவிடும்?" என்று கேட்டார். தூக்கக் கலக்கத்தில் அவருக்கு விடை கூற என்னால் இயலவில்லை. அந்த விடையை இப்பொழுது எழுதுகிறேன். அவருக்கு மட்டுமன்று, இதே கேள்வியை என்றேனும் கேட்கப் போகும் அன்பர் அனைவருக்கும்.

நிரலகம், பொதி, பராமரிப்பாளர்

நிரல் எழுதுவோர் எல்லாவற்றையும் தாமே எழுதுவதில்லை. பெயர்களை வரிசைப்படுத்துதல், தேதியைக் கணக்கிடுதல், படத்தை விரித்துக் காட்டுதல் முதலியவை பலருக்கும் வேண்டிய பணிகள். அவற்றை ஒருவர் எழுதிப் பொதுவில் வைக்க, ஏனையோர் எடுத்தாளுகின்றனர். அப்பொதுத் தொகுதியையே லைப்ரரி என்கிறோம். தமிழில் நிரலகம் எனலாம். விடுதிச் சமையலறையில் மாவு ஒன்றுதான் அரைக்கிறார்கள். இட்டிலியும் தோசையும் ஊத்தப்பமும் அதிலிருந்தே வருகின்றன. மாவு புளித்தால் மூன்றும் புளிக்கும். நிரலகத்தின் நிலையும் அதுவே.

அந்நிரலகத்தை நம் கணினியில் செவ்வனே அமரும்படி கட்டித் தருவது பொதி, அதாவது பேக்கேஜ். எந்தக் கோப்பு எங்கே செல்ல வேண்டும், இதற்குத் துணையாக வேறெவை வேண்டும், எந்தப் பதிப்புக்குக் கீழே ஆகாது என்னும் விவரங்களெல்லாம் அதனுள் இருக்கும். இதைக் கட்டுபவர் பெரும்பாலும் நிரலகத்தை எழுதியவர் அல்லர். அதைப் பயன்படுத்தும் நிரலை எழுதியவரும் அல்லர். இருவருக்கும் இடையே நிற்பவர். பொதி பராமரிப்பாளர் என்பது அவர் பெயர். டெபியன் போன்ற லினக்ஸ் அமைப்புகளில் இவர்களிற் பெரும்பாலோர் ஊதியமின்றித் தம் ஓய்வு நேரத்தைத் தருபவர்கள்.

நண்பரின் இரவைப் பறித்த ஐ.சி.யு. என்பது யாது? யூனிகோடுக்கான பன்னாட்டுக் கூறுகள் என்பது அப்பெயரின் விரிவு. 1999-ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனம் இதனைத் திறந்த மூல நிரலாக வெளியிட்டது. 2016 முதல் இது யூனிகோடு கூட்டமைப்பின் பொறுப்பில் வளர்ந்து வருகிறது. லிப்ரே ஆபீஸ், போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம், நோட் ஜே.எஸ்., பி.எச்.பி. மொழியின் பன்னாட்டுப் பகுதி, கியூ.டி. முதலிய பலவும் இதை நம்பி நிற்கின்றன.

தமிழராகிய நமக்கு இது அயலான பொருள் அன்று. "கி" என்பது நமக்கு ஓரெழுத்து. கணினிக்குள் அது ககரத்துக்கு ஓர் எண்ணும் இகரக் குறிக்கு ஓர் எண்ணுமாக இரண்டு எண்கள். அம்புக்குறியை ஒருமுறை அழுத்தினால் இரண்டையும் சேர்த்தே தாண்ட வேண்டும் என்று நிரலுக்குச் சொல்லித் தருவது இத்தகைய நிரலகத்தின் வேலை. மேலும் ஒன்று. யூனிகோடு எண் வரிசையில் நகரத்தை அடுத்து னகரம் நிற்கிறது. ரகரத்தை அடுத்து றகரம் நிற்கிறது. ளகரம், ழகரம், வகரம் என்று நம் முறைக்குத் தலைகீழாக மூன்றெழுத்துகள் நிற்கின்றன. எண்ணை மட்டும் நம்பி ஒரு பெயர்ப்பட்டியலை அடுக்கினால், "ய ர ல வ ழ ள ற ன" என்று பள்ளியில் ஓதிய முறை சிதைந்து போகும். அதைச் சீர்படுத்தும் விதிகளும் ஐ.சி.யு.வில் உள்ளன.

ஏன் ஓயாமல் மாறுகிறது?

இத்துணைப் பேர் சார்ந்திருக்கும் பொருளை ஏன் மாற்றுகிறார்கள்? உலகம் மாறுகிறது, ஆதலின் அதுவும் மாறுகிறது.

2010-ஆம் ஆண்டு ஜூலை 15-ஆம் நாள் நம் மத்திய அமைச்சரவை ரூபாய்க்குரிய குறியை ஏற்றது. அதனை வரைந்தவர் தமிழகத்தைச் சேர்ந்த உதயகுமார் என்பதை நாமெல்லாம் பெருமையுடன் சொல்லிக்கொள்கிறோம். அவ்வாண்டு அக்டோபரில் வந்த யூனிகோடு 6.0 அக்குறிக்கு ஓர் எண் தந்தது. 2019 மார்ச்சில் வந்த யூனிகோடு 12.0 பழந்தமிழ்ப் பின்னங்களும் குறிகளுமாக 51 வடிவங்களைச் சேர்த்தது. நம் முன்னோர் கணக்கில் 1/320 ஆகிய முந்திரியும் அவற்றுள் ஒன்று. அதே ஆண்டு மே முதல் நாள் ஜப்பானில் புதிய மன்னர் அரியணை ஏற, ரெய்வா என்னும் புதிய சகாப்தம் தொடங்கிற்று. அதன் பெயரை ஒரே வடிவில் எழுதும் ஓர் எழுத்துக்காகவே அம்மாதம் யூனிகோடு 12.1 வெளிவந்தது. ஒரு நாடு தன் நாணயத்தை மாற்றினாலும், மற்றொரு நாடு தன் கடிகாரத்தை முன்னே நகர்த்தினாலும், அச்செய்தி இந்நிரலகத்துக்கும் வந்து சேர வேண்டும்.

ஆகவே ஆண்டுக்கு இருமுறை, இளவேனிலில் ஒன்றும் அக்டோபரையொட்டி ஒன்றுமாக, ஐ.சி.யு.வின் புதிய பதிப்பு வருகிறது. டெபியனின் நிலைப் பதிப்புகளைப் பாருங்கள்: 2019-இல் வந்த டெபியன் 10-இல் ஐ.சி.யு. 63, 2021-இல் 67, 2023-இல் 72, 2025-இல் 76. ஆறே ஆண்டுகளில் பதிப்பு எண் 13 ஏறிவிட்டது. இதை மாற்றாதே என்று கூறுவது, முந்திரியைச் சேர்க்காதே, ரூபாய்க் குறியை ஏற்காதே என்று கூறுவதற்கு ஒப்பாகும் அன்றோ?

இரண்டு உடன்பாடுகள்

மாற்றம் வேண்டுவதே, ஆயின் அதனால் ஏன் மற்ற நிரல்கள் விழுகின்றன?

நிரலும் நிரலகமும் இருவகை உடன்பாடுகளால் பிணைந்துள்ளன. முதலாவது எழுத்து உடன்பாடு: நிரலாசிரியர் எழுதும் பெயர்களும் முறைகளும் நிரலகத்தில் இருக்க வேண்டும். இரண்டாவது இயக்க உடன்பாடு: எழுதியதை இயந்திர மொழியாக்கி, அதாவது கம்பைல் செய்து முடித்த பின்னர், அந்த இயந்திர வடிவம் எதிர்பார்க்கும் பெயரும் அமைப்பும் நிரலகத்தின் இயந்திர வடிவத்தோடு பொருந்த வேண்டும். முதல் உடன்பாடு முறியாமலே இரண்டாவது முறியக்கூடும்.

ஐ.சி.யு.வில் இரண்டாவது உடன்பாடு ஒவ்வொரு பெரும்பதிப்பிலும் வேண்டுமென்றே முறிக்கப்படுகிறது. அதன் கோப்புப் பெயரோடு பதிப்பு எண்ணும் சேர்ந்தே வருகிறது. அது மட்டுமன்று. சரத்தின் நீளத்தை அளக்கும் பணிக்கு நிரலாசிரியர் எழுதும் பெயர் என்றும் ஒன்றே. ஆனால் 72-ஆம் பதிப்போடு கம்பைல் செய்தால் உள்ளுக்குள் அப்பெயரின் வாலில் 72 என்ற எண் ஒட்டிக்கொள்ளும். அந்நிரல் 76-ஆம் பதிப்பிடம் சென்று 72 என்று முடியும் பெயரைக் கேட்டால், அப்படி ஒருவர் இங்கில்லை என்பதே விடை.

இது கொடுமையாகத் தோன்றலாம். உண்மையில் இது ஒரு காவல். பழைய நிரல் புதிய நிரலகத்தோடு தவறுதலாக இணைந்து, வாய்திறவாமல் தவறான விடை தருவதைவிட, இணைய மறுத்து நின்றுவிடுவது நன்று. அன்றிரவு நண்பரின் கணினி செய்ததும் அதுவே. சிறு நிரலைப் புதுப்பித்தபோது அது புதிய நிரலகத்தை உடன் அழைத்து வந்தது; பழையது வெளியேறிற்று; பழையதை நம்பியிருந்த எழுது நிரல் தெருவில் நின்றது. அவர் கணினியில் உள்ளது தொடர்ந்து புதுப்பிக்கப்படும் வகையைச் சேர்ந்த அமைப்பு. அத்தகைய அமைப்பில் ஒன்றை மட்டும் புதுப்பிப்பது ஆகாது. புதுப்பித்தால் முழுவதையும் புதுப்பிக்க வேண்டும்.

மறுகட்டு என்னும் பெருவேலை

இனிப் பராமரிப்பாளரின் பக்கம் செல்வோம். டெபியனில் ஒரு புதிய ஐ.சி.யு. நுழைய வேண்டுமாயின், அதைச் சார்ந்த பொதிகள் அத்தனையும் மீண்டும் கம்பைல் செய்யப்பட வேண்டும். இதற்கு இடமாற்றம் என்று பெயர்.

முதலில் புதிய பொதி சோதனைக் களத்தில் வைக்கப்படும். அதைச் சார்ந்த பொதிகள் அதனோடு கம்பைல் ஆகின்றனவா என்று பார்ப்பார்கள். ஆகாதவற்றுக்குப் பிழை அறிக்கை எழுதி, அந்தந்தப் பராமரிப்பாளருக்கு அனுப்ப வேண்டும். பின்னர் வெளியீட்டுக் குழுவினரிடம் நாள் கேட்க வேண்டும். வேறொரு பெரிய நிரலகத்தின் இடமாற்றம் நடந்துகொண்டிருந்தால் காத்திருக்க வேண்டும்; இரண்டும் பின்னிக்கொண்டால் எதையும் நகர்த்த இயலாது.

நாள் கிடைத்த பின்னும் எல்லாவற்றையும் ஒரே வேளையில் கட்ட முடியாது. படிப்படியாகவே ஏற வேண்டும். பூஸ்ட், ஹார்ஃப்பஸ் போன்றவை தாமும் நிரலகங்கள், அவை ஐ.சி.யு.வைச் சார்ந்தவை. அவற்றைக் கட்டி முடித்த பின்னரே அவற்றைச் சார்ந்த லிப்ரே ஆபீஸைக் கட்ட முடியும். லிப்ரே ஆபீஸைக் கம்பைல் செய்யவோ மணிக்கணக்கில் ஆகும். அதுவும் நம் மேசையிலுள்ள கணினி வகைக்கு மட்டுமன்று. ஆர்ம், ரிஸ்க்-ஐந்து, ஐ.பி.எம். பெருங்கணினி எனப் பல வகைகளுக்கும் தனித்தனியே கட்ட வேண்டும். ஏதேனும் ஒரு வகையில் ஒரு பொதி தோற்றாலும், ஏனையவை வாயிலில் நிற்கும். பரிசலில் ஏறியவர் அனைவரும் ஒன்றாகவே அக்கரை சேர வேண்டும்.

இதில் வருத்தத்துக்குரிய செய்தி ஒன்றுண்டு. தோற்ற பொதியின் பராமரிப்பாளர் தம் பொதியில் ஓர் எழுத்தையும் மாற்றியிருக்க மாட்டார். நேற்றுவரை அது நன்றாகவே இருந்தது. ஆயினும் பிழை அறிக்கை அவர் வீட்டுக் கதவைத்தான் தட்டும்.

உண்மையும் பொய்யும் மறைந்த கதை

முன்னே கூறிய எழுத்து உடன்பாடும் இடையிடையே முறிவதுண்டு. அப்பொழுது மறுமுறை கம்பைல் செய்தால் மட்டும் போதாது. நிரலையே திருத்தியாக வேண்டும்.

2018-இல் வந்த ஐ.சி.யு. 61 தன் சி.பிளஸ்பிளஸ் பெயர்களைத் தானாகவே பொதுவெளிக்குக் கொண்டுவரும் வழக்கத்தைக் கைவிட்டது. அதுவரை முதற்பெயரை மட்டும் சொல்லி அழைத்து வந்தவர்கள், இனிக் குடும்பப் பெயரையும் சேர்த்துச் சொல்ல வேண்டியதாயிற்று. 2020 அக்டோபரில் வந்த ஐ.சி.யு. 68 வேறொன்று செய்தது. உண்மை, பொய் என்று பொருள்படும் ட்ரூ, ஃபால்ஸ் என்னும் இரு சொற்களைத் தன் தலைப்புக் கோப்புகளில் நெடுங்காலமாக அது வரையறுத்து வைத்திருந்தது. அவை பிற நிரல்களின் பெயர்களோடு மோதின. ஆதலின் அந்த வரையறையை நிறுத்திவிட்டது. அது முறையான செயலே. ஆனால் அச்சொற்கள் எங்கிருந்து வருகின்றன என்றே அறியாமல் அவற்றைப் பயன்படுத்தி வந்த நிரல்கள் எத்தனையோ! அவையெல்லாம் ஒரே நாளில் கம்பைல் ஆகாமல் நின்றன. ஒவ்வொன்றிலும் திருத்தம் ஓரிரு வரிதான். ஆனால் அதை எழுதி, சோதித்து, மூல ஆசிரியருக்கு அனுப்பி, அவர் ஏற்கும்வரை தம் பொதியிலேயே அதைச் சுமந்து திரிய வேண்டியவர் பராமரிப்பாளர். 2024-இல் வந்த ஐ.சி.யு. 75, சி.பிளஸ்பிளஸ் 17 என்னும் புதிய மொழித் தரத்தைக் கட்டாயமாக்கிற்று. பழைய தரத்தில் நின்றிருந்த நிரல்களும் அதனோடு படியேற வேண்டி வந்தது.

பழையதைக் காக்கும் கடமை

புதியதை ஏற்பது பாதி வேலையே. நிலைப் பதிப்பை நம்பியிருப்போர்க்குப் பழையதையும் காக்க வேண்டும்.

2020-ஆம் ஆண்டில் ஐ.சி.யு.வில் சரங்களை ஒட்டும் பகுதியில் ஓர் ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டது. மிக நீண்ட சரம் ஒன்று வந்தால் நீளக் கணக்கு எல்லை மீறி, நினைவகத்தில் எழுதக்கூடாத இடத்தில் எழுத நேரிடும். 66.1 வரையிலான பதிப்புகளில் இக்குறை இருந்தது. அன்றைய டெபியன் 10-இல் இருந்ததோ 63. புதிய பதிப்பைக் கொண்டுவந்தால் சார்ந்தவை அனைத்தும் முறியும். கொண்டுவராவிட்டால் ஓட்டை திறந்தே கிடக்கும். எனவே புதிய பதிப்பிலிருந்து அத்திருத்தத்தை மட்டும் வெட்டியெடுத்துப் பழைய பதிப்பில் பதிய வைக்க வேண்டும். பழைய வீட்டுச் சுவரில் புதிய கதவைப் பொருத்தும் தச்சனின் வேலை இது. நன்றாகப் பொருத்தினால் ஒருவர் கண்ணிலும் படாது.

வரிசை மாறினால் வரும் கேடு

கண்ணிற் படாத வேறொரு கேடும் உண்டு. அதை நம் சங்கத்தின் நூற்பட்டியல் போன்ற ஒன்றைக் கொண்டு விளக்கலாம். நூற்பெயர்களை அகரவரிசையில் அடுக்கி ஒரு சுட்டியைத் தரவுத்தளம் வைத்திருக்கிறது. ஒரு நூலைத் தேடும்போது முழுப் பட்டியலையும் படிக்காமல், அகராதியைப் புரட்டுவது போல நடுவிலிருந்து முன்னும் பின்னும் தாவிக் கண்டுபிடிக்கிறது. இடையில் நிரலகம் மாறி, வரிசை விதியும் சிறிது மாறிவிட்டது என்று கொள்வோம். சுட்டி பழைய விதிப்படி அடுக்கியது. தேடல் புதிய விதிப்படி தாவுகிறது. நூல் அலமாரியில் இருக்கும். "இல்லை" என்று கணினி கூறும்!

இது கற்பனைப் பூச்சாண்டி அன்று. 2018 ஆகஸ்டில் வந்த ஜி.லிப்.சி. 2.28 என்னும் மற்றோர் அடிப்படை நிரலகம் தன் வரிசை விதிகளை மாற்றியபோது, அதைச் சார்ந்து நின்ற போஸ்ட்கிரெஸ் தரவுத்தளங்களின் சுட்டிகளை மீண்டும் கட்ட வேண்டியதாயிற்று. ஐ.சி.யு.வின் வரிசை விதியைப் பயன்படுத்தும்போது போஸ்ட்கிரெஸ் அதன் பதிப்பைக் குறித்து வைத்துக்கொண்டு, பதிப்பு மாறினால் எச்சரிக்கை தருகிறது. அந்த எச்சரிக்கையைப் படித்துச் சுட்டியை மறுகட்டுச் செய்வது நம் கடமை. கட்டாமலே எச்சரிக்கையை அடக்கிவிடுவது, காய்ச்சல் மானியை உடைத்துவிட்டுக் காய்ச்சல் தீர்ந்தது என்பதைப் போன்றது.

ஒவ்வொருவரும் தனிப்படி வைத்தால் என்ன?

"இத்துணைத் தொல்லை எதற்கு? ஒவ்வொரு நிரலும் தனக்கு வேண்டிய பதிப்பைத் தன்னுள்ளேயே வைத்துக்கொள்ளட்டுமே" என்று சிலர் கேட்பார்கள். அதுவும் நடைமுறையில் உள்ள வழியே. குரோமியம் உலாவி தன் மூலத்திலேயே ஐ.சி.யு.வின் படியொன்றை வைத்திருக்கிறது. அதனால் வெளியுலக மாற்றங்கள் அதை அசைப்பதில்லை.

ஆயினும் இதற்கு விலை உண்டு. ஐ.சி.யு.வின் தரவுக் கோப்பு மட்டுமே 30 மெகாபைட்டை ஒட்டியது; பத்து நிரல்கள் பத்துப் படி வைத்தால் இடம் வீணாவது தெளிவு. இடத்தையாவது விட்டுவிடலாம். 2020-இல் கண்டது போன்ற ஓட்டை மீண்டும் தோன்றினால், ஓரிடத்தில் அடைப்பதற்கு மாறாகப் பத்து இடங்களில் அடைக்க வேண்டும். பத்துப் பேரும் விழிப்பாக இருப்பார்கள் என்று எவர் உறுதி கூறுவார்? பெருநிறுவனம் தன் படியை உடனே திருத்தும்; ஆள்பலமற்ற சிறு நிரலின் படி ஆண்டுக்கணக்கில் ஓட்டையோடு கிடக்கும். உழைப்பு குறைந்துவிடவில்லை, சிதறிப் போயிற்று. அவ்வளவே.

ஆகவே தொல்லையற்ற வழி என்று ஒன்று இல்லை. மாற்றத்தின் பயனை எல்லோரும் துய்க்கிறோம். அதன் சுமையைச் சிலர் மட்டுமே தாங்குகிறார்கள். சுமையை ஒழிக்க முடியாது. ஆனால் பங்கிட முடியும். இதுவே நான் இக்கட்டுரையில் கூற விழைவது.

நம்மால் ஆவது என்ன?

நிரல் எழுதும் மாணவர் முதலில் ஒன்றைப் பழகிக்கொள்ளலாம். ஐ.சி.யு. தன் பணிகளை நிலைத்தவை, வரைவானவை என்று பிரித்துக் குறித்திருக்கிறது. நிலைத்தவற்றையே எடுத்தாளுக; ஆவணத்தில் சொல்லாத உள்வேலைகளை நம்பாதிருக்க. இவ்வளவு செய்தாலே நாளை எவரோ ஒரு பராமரிப்பாளரின் ஓர் இரவு மிஞ்சும்.

இரண்டாவதாக, புதிய பதிப்பு வருமுன்னர் அதன் முன்னோட்டம் வெளியிடப்படுகிறது. தமிழில் வரிசை சரியா, தேதி சரியா, எழுத்து உடையாமல் வருகிறதா என்று அப்பொழுதே பார்த்துச் சொல்லத் தமிழறிந்தவரே வேண்டும். வெளிவந்த பின் குறைகூறுவதைவிட அது பன்மடங்கு பயன்தரும்.

மூன்றாவதாக, பிழை கண்டால் "வேலை செய்யவில்லை" என்று மட்டும் எழுதாமல், எந்தப் பதிப்பு, எதைச் செய்தபோது, திரையில் வந்த வரி என்ன என்று முழுமையாக எழுதுக.

நான்காவதாக, துணிவுள்ளோர் ஒரு பொதியையே ஏற்கலாம். பராமரிப்பாளர் விலகிப்போய் அனாதையாக நிற்கும் பொதிகளின் பட்டியலை டெபியன் வெளிப்படையாகவே வைத்திருக்கிறது. சிறிய பொதி ஒன்றை எடுத்துக்கொண்டு, அனுபவமுள்ளவர் மேற்பார்வையில் கற்கலாம். டெபியனின் உலக மாநாடு 2023 செப்டம்பரில் கொச்சியிலேயே நடந்தது. இது எங்கோ கடல்கடந்தவர் மட்டும் செய்யும் வேலை என்று எண்ணற்க.

அன்றிரவு என் நண்பர் கேட்ட கேள்விக்கு வருகிறேன். இருந்ததை இருந்தபடி விட்டால் என்ன குறைந்துவிடும்? முந்திரி குறையும், ரூபாய்க் குறி குறையும், அடைக்க வேண்டிய ஓட்டை அடைபடாது. இதை அவரிடம் கூறியபோது சிறிது நேரம் பேசாமல் இருந்தார். மறுவாரம் அவரே ஒரு பிழை அறிக்கை எழுதி, அனுப்புமுன் என்னிடம் காட்டினார். பதிப்பு எண்ணும் திரையில் வந்த வரியும் அதில் முறையாக இருந்தன. கீழே ஒரு வரி நன்றியும் எழுதியிருந்தார்.

அன்பர்களே, நம் கணினி பழுதின்றி ஓடும் நாள்களில் எவரும் பராமரிப்பாளரை நினைப்பதில்லை. அது இயல்பே. பழுதுற்ற நாளிலாவது திட்டுவதற்கு முன் ஒரு நொடி நினைப்போம். இயன்றவர் ஒரு கை கொடுப்போம்.